வெந்நீர் தின்ற மலை

அன்புள்ள ஐயா,

இந்தோனேசியாவின் காவா ஈஜென் எரிமலைக்குப் போய்வந்தேன். இரவில் நீல நெருப்பு, விடிந்ததும் பச்சை ஏரி. ஏரியைச் சுற்றி நிற்கும் பாறைச் சுவர் மட்டும் வெளுத்துக் கிடந்தது. எரிமலைக் குழம்பு எங்குமே இல்லை, வெறும் ஆவிதான். ஏறக்குறைய செத்துப்போன மலை என்று பயணக்குறிப்பில் எழுதினேன். நண்பர்கள் சண்டைக்கு வருகிறார்கள். பாறை ஏன் வெளுக்கிறது? நீல நெருப்பு பகலில் ஏன் அணைந்துவிடுகிறது?

கதிரவன்

அன்புள்ள கதிரவன்,

கந்தக ஆவி எரிகிற அந்த நீல நெருப்பு அணைவதில்லை. வெயிலில் கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான். நண்பர்கள் சண்டையை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

‘செத்துப்போன மலை’ என்றீர்களே, அதற்காகத்தான் இந்தப் பதில். கொஞ்ச நாளாக என் மேசையில் ஓர் எரிமலைக் கல் கிடக்கிறது. பார்த்தால் அசல் பாறை. ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமத்தின் படிகங்கள் கட்டம் கட்டமாகத் தெரிகின்றன. நகத்தை வைத்தால் அந்தக் கட்டங்கள் மாவாக உதிர்கின்றன. படிகத்தின் வடிவம் நிற்கிறது, உள்ளே இருப்பது கயோலின் களிமண். கறையான் தின்ற கதவு இப்படித்தான் நிற்கும்.

மலைக்கடியில் உருகிக் கிடக்கும் பாறையான மாக்மாவிலிருந்து கிளம்பும் கந்தக டை ஆக்சைடும் ஹைட்ரஜன் குளோரைடும் நிலத்தடி நீரில் கரைந்து அமிலமாகின்றன. அந்த வெந்நீர் பாறையின் சோடியம், கால்சியம், இரும்பு எல்லாவற்றையும் உருவிக்கொண்டு போகிறது. மிஞ்சுவது களிமண்ணும் அலுனைட் என்ற கனிமமும். அமிலம் இன்னும் கடுமையானால் அலுமினியமும் போய், மணலில் இருக்கிற சிலிக்கா மட்டும் ஓட்டை ஓட்டையாக நிற்கும். நீங்கள் பார்த்த வெளுப்பு இந்த வேலைதான். பிஎச் எண் குறையக் குறைய அமிலம் கடுமை; நீங்கள் ரசித்த ஏரியின் பிஎச் 0.5-க்கும் கீழே.

குழம்பு ஓடினால்தான் எரிமலை என்று யார் சொல்லிக்கொடுத்தது? பெரும்பாலும் குழம்புக்கு முன்னால் நடந்தே தப்பிவிடலாம். இந்தக் களிமண்ணும் அலுனைட்டும் விரிசல்களை அடைத்தால், அடியில் நீராவி திணறும். 2014 செப்டம்பர் 27, ஜப்பானின் ஒன்டாகே. சனிக்கிழமை நண்பகல், இலையுதிர்காலம் பார்க்க ஏறியவர்கள் உச்சியில் இருந்தார்கள். எச்சரிக்கை நிலை 1, ஆகக் குறைந்தது. புதிய குழம்பு ஒரு சொட்டும் வெளிவரவில்லை. வெடித்தது நீராவி, பறந்தது இப்படி உளுத்த பழைய பாறை. இறந்தவர்களும் காணாமல்போனவர்களுமாக 63 பேர். அங்கேயும் எத்தனை பேர் உங்களைப்போல் ‘வெறும் ஆவி’ என்று நினைத்திருப்பார்களோ!

உளுத்த மலை வெடிப்பதோடு நிற்காது, சரியவும் செய்யும். அமெரிக்காவின் ரெய்னியர் மலை சுமார் 5,600 ஆண்டுகளுக்கு முன் உச்சியை இழந்தது. களிமண் மிகுந்த அந்தச் சேறு பியூஜெட் சவுண்ட் கடற்கழி வரை ஓடியது. அது படிந்த நிலத்தின்மேல் இன்று ஊர்கள் இருக்கின்றன.

உங்கள்மீது கோபமில்லை. இருட்டில் அத்தனை தூரம் ஏறியிருக்கிறீர்கள். ஆசை இல்லாதவன் ஏறமாட்டான். ஆனால் அந்த ஆவியைக் குழாயில் பிடித்துக் குளிரவைத்துத்தான் அங்கே கந்தகம் எடுக்கிறார்கள். எழுபது கிலோவைத் தோளில் ஏற்றிக்கொண்டு உங்களைக் கடந்துபோயிருப்பார்களே, அவர்களைப் பற்றி ஒரு வரி கிடையாதா? அவர்களிடம் கேட்டிருந்தால் செத்த மலையா என்று சொல்லியிருப்பார்கள்.

அந்த வாக்கியத்தை நீக்கிவிட்டு எழுதுங்கள். படங்கள் அனுப்புவதானால் சுவர் தெரிகிற படங்களாக அனுப்புங்கள். ஏரி வேண்டாம்.