திருடிய கோப்பில் செருகிய பொய்

கேள்வி: எந்த இணைப்பையும் தொடாதவரின் கைபேசியிலும் உளவு மென்பொருள் நுழையுமா?

பதில்: நுழையும். 2016இல் ஐக்கிய அரபு அமீரகத்தைச் சேர்ந்த மனித உரிமைச் செயற்பாட்டாளர் அகமது மன்சூருக்கு ஐயத்துக்குரிய இணைப்புடன் குறுஞ்செய்தி வந்தது. அதைத் தொடாமல் அவர் டொரன்டோ பல்கலைக்கழகத்தின் ஆய்வகமான சிட்டிசன் லேபுக்கு அனுப்பியதால், இஸ்ரேலிய நிறுவனமான என்எஸ்ஓவின் பெகாசஸ் என்னும் உளவு மென்பொருள் அம்பலமானது. அது நுழைய 2021இல் கண்டறியப்பட்ட வழிக்கோ தொடுதலே தேவைப்படவில்லை. ஜிஃப் படத்தின் பெயரில் ஒளிந்த பிடிஎஃப் கோப்பு ஐபோனின் செய்திச் செயலியான ஐமெசேஜில் வந்து சேர்ந்தாலே போதுமானதாக இருந்தது.

கேள்வி: உளவு பார்ப்பதும் பொய்ச்செய்தி பரப்பி மனத்தைக் குழப்புவதும் வெவ்வேறு தொழில்கள் அல்லவா? இரண்டையும் ஏன் சேர்த்துப் பேசுகிறீர்கள்?

பதில்: முன்னதன் விளைச்சலே பின்னதன் மூலப்பொருள் என்பதால்தான். ரஷ்யாவைப் பற்றி எழுதிவரும் பத்திரிகையாளர் டேவிட் சாட்டர், 2016 அக்டோபரில் கூகுள் எச்சரிக்கைபோல் வந்த போலி மின்னஞ்சலை நம்பிக் கடவுச்சொல்லை இழந்தார். (உளவு மென்பொருள்கூட வேண்டியிருக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.) திருடப்பட்ட கோப்புகளை ரஷ்ய ஆதரவு ஹேக்கர் குழு ஒன்று வெளியிட்டபோது, அவற்றுள் ஓர் அறிக்கை மட்டும் திருத்தப்பட்டிருந்தது: ரஷ்ய எதிர்க்கட்சித் தலைவர் அலெக்சி நவால்னி உள்ளிட்டோரின் கட்டுரைகள் வெளிநாட்டுப் பணத்தில் எழுதப்பட்டவை என்று தோன்றும்படி அவற்றின் பட்டியலை அதில் செருகியிருந்தார்கள். மற்ற கோப்புகள் உண்மையாக இருக்கும்போது அந்த ஒன்றை மட்டும் யார் ஐயுறுவார்? மறுக்க முயல்பவரும் ‘இது என்னுடையது, அது இல்லை’ என்று தன் அந்தரங்கத்தைத் தானே வரிவரியாக ஊருக்கு விளக்க வேண்டியிருக்கும். என் பார்வையில், முழுப் பொய்யைவிடக் கொடியது இதுவே.

கேள்வி: பொய்யென்று அறிந்த செய்தியும் நாளடைவில் உண்மைபோல் தோன்றுவது ஏன்?

பதில்: பழக்கத்தால். திரும்பத் திரும்பக் கேட்ட கூற்றை மக்கள் உண்மையென மதிப்பிட முனைவதை 1977ஆம் ஆண்டின் ஆய்வு ஒன்றே காட்டியது.

கேள்வி: என் கைபேசியும் ஒட்டுக்கேட்கப்படுமோ என்ற அச்சத்தில் நண்பர்களிடம் பேசுவதையே குறைத்துவிட்டேன்.

பதில்: நீங்கள் வாய்மூடியதே கண்காணிப்பவருக்குச் செலவில்லாமல் கிடைத்த ஆதாயம். பெகாசஸ் விலைமிக்கது, குறிவைத்தே ஏவப்படுவது. பெரும்பாலோருக்குப் போலி மின்னஞ்சலே அருகிலுள்ள ஆபத்து. இயங்குதளத்தை உடனுக்குடன் புதுப்பியுங்கள். நீங்கள் பத்திரிகையாளராகவோ வழக்கறிஞராகவோ இருந்து ஐபோன் பயன்படுத்தினால், 2022இல் அறிமுகமான, சில வசதிகளை முடக்கிப் பாதுகாப்பைக் கூட்டும் லாக்டவுன் மோடை இயக்கிக்கொள்ளுங்கள். ஐயம் வலுத்தால், வல்லுநர் சோதிக்கும் முன் கைபேசியை அழித்துப் புதிதாக்கிவிடாதீர்கள். தடயமும் சேர்ந்தே போய்விடும்.