தண்ணீர் லாரி வரும் மாதத்தில் போய்ப் பாருங்கள்

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். கல்யாணமாகி மூன்று மாதம், பெண் இந்தோனேசியாவின் ஜாவாத் தீவில் குனுங்கிதுல் மாவட்டத்துக்காரர். அவர் ஊரில் ஒரு ஏக்கர் வாங்கி வீடு கட்டலாமா, பத்திரத்தை மச்சான் பெயரில் போடலாமா, சென்னையிலிருந்து போய்வர எவ்வளவு நேரம், பாஷை தெரியாமல் சமாளிக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் திண்டுக்கல்காரன். பினாங்கில் தொழிற்சாலை வேலையில் இருந்தபோது பழகிய பெண்ணை 2013இல் கட்டிக்கொண்டு, அதே மாவட்டத்தின் கிழக்குக் கோடியில், ரோங்கோப் பக்கம் மனைவி ஊரிலேயே தங்கிவிட்டேன். ஊரில் பைக் பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருக்கிறேன்.

முதலில் மச்சான் விஷயம். வேண்டாம். அவர் தங்கமானவராகவே இருக்கட்டும், வேண்டாம். 1960ஆம் வருடத்து நிலச் சட்டப்படி 'ஹக் மிலிக்' என்ற முழு உரிமை இந்தோனேசியக் குடிமக்களுக்கு மட்டும்தான். வெளிநாட்டவருக்காக இன்னொருவர் பெயரில் வாங்கினால் அந்த வியாபாரமே செல்லாது. நிலம் அரசுக்குப் போகும், கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்கவும் முடியாது. நம் ஊர் பினாமியில் பங்காளிச் சண்டை வந்தால் பஞ்சாயத்தாவது வைக்கலாம். இங்கே அதற்கும் வழியில்லை.

சரி, மனைவி பெயரில் வாங்கலாமா? வாங்கலாம், ஆனால் அதற்கு முன்னால் ஒரு காகிதம் வேண்டும். நான் சறுக்கியது அங்கேதான். இந்தோனேசியாவில் கல்யாணத்துக்குப் பிறகு சேரும் சொத்து இருவருக்கும் பொது. பாதி வெளிநாட்டுக்காரனுடையது என்றால் முழு உரிமைப் பட்டா கிடைக்காது. சொத்து தனித்தனி என்று ஒப்பந்தம் எழுதியிருக்க வேண்டும், அதையும் அப்போது கல்யாணத்துக்கு முன்பேதான் எழுத முடியும். நாங்கள் எழுதவில்லை. முன்பணம் கொடுத்துவிட்டு நோட்டரியிடம் போனால், அவர் எங்கள் திருமணச் சான்றிதழைப் பார்த்ததும் கோப்பை மூடி மேசை ஓரமாகத் தள்ளிவிட்டார். மூன்று வருடம் மாமனார் வீட்டுப் பின்கட்டில்தான் குடித்தனம். ஜப்பானியரைக் கட்டிய ஓர் இந்தோனேசியப் பெண் தொடுத்த வழக்கில், கல்யாணத்துக்குப் பிறகும் அந்த ஒப்பந்தத்தை எழுதலாம் என்று 2016 அக்டோபரில் அரசியல் சாசன நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகுதான் எங்களுக்கு விடிந்தது. நீங்கள் இப்போதே நோட்டரியிடம் எழுதி, திருமணத்தைப் பதிந்த அலுவலகத்திலும் பதிந்துவிடுங்கள். நிலம் அப்புறம்.

இன்னொன்று. விளைநிலத்தின் சொந்தக்காரர் அதே வட்டாரத்திலோ அடுத்த வட்டாரத்திலோ குடியிருக்க வேண்டும் என்று 1961ஆம் வருடத்து விதி ஒன்று இருக்கிறது. இருவரும் சென்னையிலேயே இருந்துகொண்டு ஒரு ஏக்கர் விளைநிலத்தை வைத்துக்கொள்ளச் சட்டத்தில் இடமில்லை. வீட்டு மனைக்கு அந்தத் தொல்லை இல்லை.

எந்த இடத்தை வாங்குவது என்று கேட்டால், செப்டம்பரில் வந்து பாருங்கள் என்பேன். தரகர் உங்களை ஜனவரியில்தான் கூட்டிப்போவார். அப்போது எல்லாம் பச்சையாக இருக்கும். எங்கள் பக்கம் முழுக்கச் சுண்ணாம்புக்கல். தொப்பி கவிழ்த்த மாதிரி சின்னச் சின்னக் குன்றுகள். 'குனுங் செவு', அதாவது ஆயிரம் மலை என்று பெயர். பெய்கிற மழை கல் இடுக்கு வழியே பாதாளத்துக்குப் போய்விடும். கிணறு வெட்டினால் காசுக்குத்தான் கேடு. ஆகஸ்டில் குளம் வற்றினால், வீட்டு ஓரத்தில் கட்டிய தொட்டிக்கு 5,000 லிட்டர் லாரி வர வேண்டும். ஒன்றரை லட்சம் ரூபியா, நம் காசில் எண்ணூறு ரூபாய் அளவில் ஆகும். குன்றின் மேல் ஏற வேண்டுமென்றால் இன்னும் கேட்பார்கள். தண்ணீருக்காக ஆட்டை விற்றவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. குழாய் இருக்கிறது என்று தரகர் காட்டினால் திறந்து பாருங்கள், காற்று வருகிறதா தண்ணீர் வருகிறதா என்று.

விவசாயத்தை நம்பி வராதீர்கள். அக்டோபர் மழைக்கு முன்னால் காய்ந்த மண்ணிலேயே நெல்லை ஊன்றிவிட்டு வானத்தைப் பார்ப்பார்கள். அந்த நெல் வீட்டுக் குதிருக்கு, விற்பதற்கில்லை. கூடவே சோளம், கடலை, மரவள்ளி. மரவள்ளியைத் தோல் சீவி ரோட்டோரம் காயவைத்து இடித்த மாவில் 'திவுல்' அவிப்பார்கள். புட்டு மாதிரி இருக்கும். தென்னங்கருப்பட்டி வைத்துச் சாப்பிட்டால் எனக்கு இட்லி மறந்துவிடும், பொய்யில்லை. குரங்குத் தொல்லை தனி. மாவட்டத்தின் குறைந்தபட்ச மாதக் கூலி 2025இல் சுமார் 23 லட்சம் ரூபியா, நம் பணத்தில் பன்னிரண்டாயிரம் சொச்சம். அதை வைத்து உங்கள் செலவைக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். மனைவியின் ஆதரவில் தங்குபவர் குடும்பத்துக்காக உழைக்க 2011 குடிவரவுச் சட்டம் இடம் தருகிறது. கல்யாணமாகி இரண்டு வருடம் முடிந்தால் ஐந்து வருட 'கிதாப்' என்ற நிரந்தரக் குடியிருப்பு அட்டைக்கு விண்ணப்பிக்கலாம்.

வீடு கட்டிய கதையைச் சொல்ல வேண்டும். பழைய தேக்கு வீடு ஒன்றைப் பிரித்து வாங்கினோம். தூண், உத்தரம் எல்லாவற்றிலும் எண் எழுதி அடுக்கி வைத்திருந்தோம். தூக்கி நிறுத்தும் நாளில் காலை ஆறு மணிக்கே நாற்பது ஆண்கள் வந்துவிட்டார்கள். யாருக்கும் கூலி கிடையாது. 'சம்பத்தான்' என்பார்கள். பல் கூசும் அளவுக்கு இனிப்பான தேநீர், கிராம்பு சிகரெட், மதியச் சோறு, இவைதான் நம் பொறுப்பு. பின்கட்டில் பெண்கள் இருபது பேர் சமையல். மாலைக்குள் கூரைச் சட்டம் ஏறிவிட்டது. இரவு மனைவி ஒரு நோட்டை எடுத்து, வந்தவர் பெயரையெல்லாம் எழுத உட்கார்ந்தாள். மொய் நோட்டேதான்! அன்றிலிருந்து அடைத்துக்கொண்டிருக்கிறேன். ஒருவர் கூரைக்கு ஓடு மாற்ற வேண்டும், இன்னொருவர் வீட்டுச் சாவுக்குக் குழி வெட்ட வேண்டும். இரவுக் காவல் முறை வந்தால், வீட்டு வாசல்தோறும் தொங்கும் டப்பாவில் போட்டிருக்கும் ஒரு பிடி அரிசியைச் சேகரித்து வர வேண்டும். ஜாவாக்காரர் நாட்காட்டியில் பெசார் மாதத்தில் ஒரே வாரம் ஐந்து கல்யாணப் பத்திரிகை வரும், மொய் உறையும் அத்தனை போகும். அடுத்த சுரோ மாதத்தில் ஒன்றும் வராது, நம் ஆடி மாதிரி. மாதச் செலவில் இதற்கென்று ஒரு தொகை ஒதுக்குங்கள்.

பாஷை கஷ்டந்தான். அலுவலகத்துக்கு இந்தோனேசிய மொழி போதும், ஊருக்குள் ஜாவா மொழி வேண்டும், அதில் மரியாதைக்குத் தனி அடுக்குகள். பட்டறைப் பையன்களிடம் கற்றதை வைத்து மாமனாரிடம் "கொவே விஸ் மங்ஙான்?" என்றேன். "நீ தின்னாச்சா?" என்று கேட்ட மாதிரி. அவர் சிரித்தார், மாமியார் சிரிக்கவில்லை. அதே மாமியாரிடம் முருங்கைக்கீரை பறிக்கட்டுமா என்று கேட்டும் திட்டு வாங்கினேன். இங்கே அது பிணத்தைக் குளிப்பாட்டவும் செய்வினை எடுக்கவும் ஆகும் இலை.

பயணம்: சென்னை, கோலாலம்பூர், அங்கிருந்து யோக்யகர்த்தா. புது விமான நிலையம் மேற்கே குலோன் புரோகோவில், எங்கள் ஊர் கிழக்கு எல்லையில். காரில் மூன்று மணி நேரத்துக்குக் குறையாது. ரயிலில் யோக்யகர்த்தா நகரம் வந்து, பத்துக் என்ற இடத்து மலைவளைவு ஏறி, மாவட்டத் தலைநகரான வோனோசாரி வரை பஸ்ஸில் வரலாம். அதற்கப்புறம் சாயங்காலம் வண்டி கிடைப்பது அரிது, யாராவது பைக்கில் வந்து கூட்டிப்போக வேண்டும்.

செப்டம்பரில் வருவதாக இருந்தால் முன்கூட்டிச் சொல்லுங்கள், வோனோசாரிக்கு நானே வருகிறேன். குளிக்க மட்டும் ஒரு வாளிதான் தருவேன்.