அழித்தும் இடம் கூடாதது ஏன்?

கேள்வி: எங்கள் பாடசாலைக் கணனி அறைக்காக, அணைத்து ஏற்றும்போதெல்லாம் பழைய நிலைக்கே திரும்பும் லினக்ஸ் அமைப்பொன்றை, அடுக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஒன்றாகவே காட்டும் ஓவர்லே கோப்பு முறைமையைக் கொண்டு பரீட்சித்து வருகிறேன். கீழே வாசிக்க மட்டுமே கூடிய ஸ்குவாஷ் (சுருக்கிய கோப்புப் படிமம்) அடுக்கு, மேலே நினைவகத்தில் எழுதும் அடுக்கு. 700 மெகாபைட் காணொளி ஒன்றை அழித்தேன். இடம் கூடவில்லை, மேலடுக்கில் அதே பெயரில் ஒரு சாதனக் கோப்பு முளைத்திருக்கிறது. பெரிய தரவுத்தளக் கோப்பொன்றில் ஒரேயொரு பதிவைச் சேர்த்ததும் நினைவகமே நிரம்பிவிட்டது. கேர்னலில் (லினக்ஸின் மையநிரலில்) பிழையா?
– ஆசிரியர் ஒருவர், கொக்குவில்

பதில்: பிழையில்லை. காணி வரைபடத்தின்மேல் ட்ரேசிங் தாளை விரித்து வரைபவர், அடியிலுள்ள கோட்டை அழிக்க முடியாதாகையால், அந்த இடத்தில் வெள்ளைத் துண்டொன்றை ஒட்டி மறைப்பார் அல்லவா? நீங்கள் கண்ட சாதனக் கோப்பு அத்தகைய துண்டுதான். எந்தச் சாதனம் என்று காட்டும் அதன் முதன்மை எண்ணும் துணை எண்ணும் 0 ஆக இருக்கும். அதைக் கண்டதும் கேர்னல், கீழடுக்கில் அப்பெயரில் எது இருந்தாலும் இல்லையென்றே சொல்லிவிடும். காணொளியோ கீழே அப்படியே கிடப்பதால்தான் இடம் கூடவில்லை.

இரண்டாவது சிக்கல் சற்று ஆழமானது. கீழடுக்குக் கோப்பொன்றை எழுதுவதற்காகத் திறந்த கணத்திலேயே, மாறப்போவது ஒரு பைட்டாயினும், கோப்பு முழுவதும் மேலடுக்குக்குப் பிரதியாகிறது. இடையில் மின்சாரம் போனால் பாதிக் கோப்பு கண்ணில் படக்கூடாது என்பதற்காக, பிரதியை, ஓவர்லேக்கெனத் தனியாகக் கொடுக்கும் வேலைக் கோப்புறையில் முடித்த பின்னரே ஒரே அசைவில் பெயர்மாற்றி மேலடுக்கில் வைக்கிறார்கள். வேலைக் கோப்புறையும் மேலடுக்கும் ஒரே கோப்பு முறைமையில் இருக்கவேண்டும் என்ற கட்டாயம் இதனால் வந்ததே. உரிமையையோ அனுமதியையோ மட்டும் மாற்றும்போது தரவைப் பிரதி செய்யாதிருக்க கேர்னலின் 4.19 பதிப்பிலிருந்து ஒரு தெரிவு உண்டு. தரவுத்தளத்துக்கு அது உதவாது.

மாறிய பகுதியை மட்டும் மேலே வைத்தால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். அப்படிச் செய்தால் ஒவ்வொரு வாசிப்பிலும் எந்தப் பகுதி எந்த அடுக்கில் உள்ளதென்று கணக்குப் பார்க்க நேரிடும். இதே அடுக்கு வேலையைச் செய்யும் யூனியன்எஃப்எஸ், ஏயூஎஃப்எஸ் ஆகியவை பல்லாண்டு புழக்கத்தில் இருந்தும் கேர்னலின் பிரதான மூலநிரலுக்குள் நுழையவில்லை. மிக்லோஷ் செரெடியின் ஓவர்லேயோ 2014 டிசம்பரில் 3.18 பதிப்புடன் நுழைந்தது. திறந்த கோப்பின் வாசிப்பையும் எழுத்தையும் அடியிலுள்ள முறைமையிடமே அப்போது அது ஒப்படைத்துவிட்டது. குறைவாக வாக்குறுதியளித்ததே அதன் பலம் என்பது என் எண்ணம். அதற்கும் ஒரு விலை இருந்தது: 4.19 பதிப்புக்கு முன்பு, பிரதியாகுமுன் வாசிக்கத் திறந்த நிரல், பின்னர் எழுதப்பட்டதை அறியாமல் பழைய கோப்பையே பார்த்துக்கொண்டிருக்க நேர்ந்தது.

ஆகவே, தரவுத்தளத்தை ஓவர்லேக்கு வெளியே, வன்தட்டின் தனிப் பகுதியொன்றில் வையுங்கள். காணொளியின் இடம் திரும்ப வேண்டுமானால், அது இல்லாமல் ஸ்குவாஷ் படிமத்தை மறுபடி கட்டுவதைத் தவிர வேறு வழியில்லை.