ஏஜிபிஎல் லைப்ரரியைச் சேர்த்துவிட்டோம். முழு நிரலையும் வெளியிட வேண்டுமா?

கேள்வி: மூன்று பேர் சேர்ந்து, பிடிஎஃப் பில்களிலிருந்து தொகை, ஜிஎஸ்டி எண் போன்றவற்றை எடுத்துத் தரும் இணையச் சேவையைப் பைத்தானில் எழுதியிருக்கிறோம். பிடிஎஃப் படிப்பது பைமியூபிடிஎஃப் என்ற லைப்ரரி (ஆயத்த நிரல் தொகுப்பு); அதன் உரிமம் ஏஜிபிஎல். அடிப்படை நிரல், பதிப்புரிமை வரியையும் உரிம வாசகத்தையும் வைத்தால் போதும் என்னும் எம்ஐடி உரிமத்தில் கிட்ஹப்பில் இருக்கிறது. வாடிக்கையாளர் பகுதியை வெளியிடவில்லை. "நம்ம சர்வரில்தானே ஓடுது, பிரச்சினை இல்லை" என்கிறார் ஒருவர். "எல்லாவற்றையும் வெளியிட வேண்டும்" என்கிறார் இன்னொருவர். "காசு வாங்கினாலே மீறல்" என்கிறார் மூன்றாமவர். யார் சொல்வது சரி?

பதில்: மூன்றாமவர் சொல்வது தவறு. ஜிபிஎல் குடும்பத்தில் (மென்பொருளோடு மூல நிரலையும் தரச் சொல்லும் உரிமங்கள்; ஏஜிபிஎல், எல்ஜிபிஎல் இதில் அடக்கம்) எந்த உரிமமும் காசு வாங்குவதைத் தடுப்பதில்லை. வணிகப் பயன்பாட்டைத் தடுக்கும் உரிமத்தைத் திறமூல உரிமம் என்றே சொல்ல முடியாது.

முதலாமவர் சொல்வது ஜிபிஎல்லுக்குப் பொருந்தும். அதில் மென்பொருளின் பிரதியைப் பிறருக்குக் கொடுக்கும்போதுதான் மூல நிரலையும் தர வேண்டும். சொந்த சர்வரில் ஓட்டுவது அதில் வராது. ஆனால் பைமியூபிடிஎஃப் இருப்பது ஏஜிபிஎல்லில். 2007 நவம்பரில் வெளிவந்த ஏஜிபிஎல் 3-இன் 13-ஆம் பிரிவு இந்த ஓட்டையை அடைக்கவே எழுதப்பட்டது. நிரலை மாற்றி, நெட்வொர்க் வழியாகப் பிறர் பயன்படுத்த விட்டால், ஓடிக்கொண்டிருக்கும் அதே பதிப்பின் மூல நிரலை அவர்கள் இலவசமாக எடுத்துக்கொள்ள வழி செய்ய வேண்டும்.

"நாங்கள் எதையும் மாற்றவில்லையே, இம்போர்ட் மட்டும்தான் செய்தோம்" என்ற வாதம் இங்கேதான் எழும். அது வெறும் சாக்கு அல்ல, வக்கீல்களே இதில் ஒத்துப்போவதில்லை. இம்போர்ட் செய்ததும் உங்கள் நிரலும் லைப்ரரியும் சேர்ந்து ஒரே படைப்பாகிவிடுகிறது, எனவே முழுவதும் ஏஜிபிஎல்லுக்குள் வரும் என்பது ஒரு தரப்பு. தொடாத லைப்ரரிக்கு 13-ஆம் பிரிவே வராது என்பது மறுதரப்பு. பைமியூபிடிஎஃப்பின் உரிமையாளரான ஆர்டிஃபெக்ஸ் அதை வணிக உரிமத்திலும் விற்கிறது. காசு வாங்கும் சேவையை இந்தச் சந்தேகத்தின் மேல் கட்டுவது வேண்டாத வேலை. இரண்டாமவரின் பேச்சைக் கேட்பதே பாதுகாப்பு.

ஆனால் வெளியிடுவது ஒன்றே வழி அல்ல. லைப்ரரியை மாற்றிவிடலாம். பில்லில் அட்டவணை இருந்தால் பிடிஎஃப்பிளம்பர் போதும், எம்ஐடி உரிமம். பெரிய கோப்புகளில் மெதுவாக ஓடும் என்பதுதான் குறை. வேகம் வேண்டுமென்றால் பைபிடிஎஃபியம்2. அதோடு, உள்ளே வேலை செய்யும் பிடிஎஃபியம் எஞ்சினும் சேர்ந்தே இறங்குவதால் அதன் உரிமக் கோப்புகளையும் கூடவே வைத்திருங்கள். ஸ்கேன் செய்த பில்களுக்கு, படத்திலிருந்து எழுத்தைப் படிக்கும் டெசராக்ட், அப்பாச்சி 2.0 உரிமம். பாப்லர் தொகுப்பின் பிடிஎஃப்டுடெக்ஸ்ட் கருவி ஜிபிஎல்; அதைத் தனிக் கட்டளையாக சர்வரில் ஓட்டினால் முதலாமவரின் வாதம் இங்கே அப்படியே செல்லும். பிடிஎஃப் கையாளும் கோஸ்ட்ஸ்கிரிப்ட் பக்கம் போகாதீர்கள், அதுவும் ஏஜிபிஎல்தான்.

மாற்றும் முன் புதிய விர்ச்சுவல் என்விரான்மென்டில் (தனிப் பைத்தான் சூழல்) சேவைக்குத் தேவையானவற்றை மட்டும் நிறுவி, நிறுவியவற்றின் உரிமங்களைக் காட்டும் பிப்-லைசென்சஸ் கருவியை ஓட்டிப் பட்டியல் எடுங்கள். பழைய சூழலிலேயே ஓட்டினால் சோதனைக் கருவிகளும் கலந்து வந்து குழப்பும். 'தெரியவில்லை' என்று காட்டும் தொகுப்புகளின் உரிமக் கோப்பைக் கையால் திறந்து பாருங்கள். வெறுமனே 'ஜிபிஎல்' என்றிருந்தால் எந்தப் பதிப்பு, 'அல்லது பிந்தையது' உண்டா என்று தேடுங்கள். அப்பாச்சி 2.0 நிரலை ஜிபிஎல் 3-உடன் சேர்த்து வெளியிடலாம். காப்புரிமை (பேட்டன்ட்) நிபந்தனைகள் காரணமாக, 'ஜிபிஎல் 2 மட்டும்' என்றிருப்பதோடு சேர்க்க முடியாது என்பது ஜிபிஎல்லை வெளியிடும் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் நிலைப்பாடு.

உங்கள் எம்ஐடி பகுதியை அப்படியே விட்டுவிடலாம், அது ஏஜிபிஎல்லோடு ஒத்துப்போகும். நாளை ஏஜிபிஎல்லுக்கு மாற நினைத்தாலும், பங்களித்தவர்களின் பதிப்புரிமை வரிகளையும் எம்ஐடி வாசகத்தையும் நீக்காமல் வைத்தால் போதும். எதிர்த்திசையில் திரும்புவதுதான் கஷ்டம். விஎல்சி வீடியோ பிளேயரின் அடிப்படை நிரல் 2011-12-இல் ஜிபிஎல்லிலிருந்து அதைவிடத் தளர்வான எல்ஜிபிஎல்லுக்கு மாறியபோது, பழைய பங்களிப்பாளர்களைத் தேடிப் பிடித்துச் சம்மதம் வாங்க வேண்டியிருந்தது. வெளியாள் ஒருவரின் பேட்ச்சை (நிரல் திருத்தத்தை) ஏற்கும் முன்பே உரிமத்தை முடிவு செய்து, ஒவ்வொரு கோப்பின் தலையிலும் உரிமத்தின் பெயரைச் சொல்லும் எஸ்பிடிஎக்ஸ் அடையாள வரியைப் போட்டுவிடுங்கள்.