அதீதத் திகிலுக்கு எந்த விருது?

கேள்வி: அமெரிக்கப் பொது நூலகங்கள் அதீதத் திகில் நூல்களைத் தேர்ந்தெடுக்க இலக்கிய விருதுகளை நம்பலாமா?

பதில்: நம்பலாம், ஆனால் எந்த விருது என்று பார்க்க வேண்டும். பிராம் ஸ்டோக்கர் விருது திகில் இலக்கியம் முழுமைக்குமானது என்பதால், குருதியும் கொடூரமும் மிகுந்த அதீதத் திகில் எழுத்தை அதில் தேடித்தான் எடுக்க வேண்டியிருக்கும். திகில் எழுத்தாளர்களான ரேத் ஜேம்ஸ் ஒயிட், பிரையன் கீன் இருவரும் 2018இல் தொடங்கிய ஸ்பிளாட்டர்பங்க் விருதோ இவ்வகைக்கென்றே நாவல், குறுநாவல், சிறுகதை எனத் தனித்தனியே வழங்கப்படுகிறது. வென்ற நூலோடு நின்றுவிடாமல் இறுதிப் பட்டியலையும், குறிப்பாகக் குறுநாவல் பிரிவையும் கவனியுங்கள். இவ்வகையின் வலுவான எழுத்து அங்கேதான் மிகுதி என்பது என் கருத்து. சிறு பதிப்பகங்களின் நூல்கள் விரைவில் அச்சில் இல்லாமற்போகக்கூடும் என்பதால், பட்டியல் வந்ததுமே வாங்கிவிடுங்கள். விருது விவரத்தைத் தேர்வுக் கோப்பில் குறித்துவைத்தால், நூலை நீக்கச் சொல்லி ஆட்சேபம் எழும்போது நூலகருக்கு அது துணைநிற்கும்.