செவ்வாய்க்கிழமை பால் காய்ச்சினால் என்ன ஆகும்?

இலங்கையின் ஹட்டன் பக்கம், தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்திலிருந்து புது வீட்டுக்குப் போகிறோம், லீவு கிடைப்பது செவ்வாய்தான், அம்மாயி "செவ்வாயோ வெறுவாயோ" என்று தடுக்கிறார், இதில் அர்த்தமிருக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கிழமையில் ஒன்றுமில்லை என்பேன். அதே செவ்வாய்க்கு வடமொழியில் மங்களவாரம் என்று பெயர்! ஸ்பெயினிலும் கிரேக்கத்திலும் 13ஆம் தேதி செவ்வாயில் வந்தால் பயப்படுகிறார்கள். இத்தாலிக்காரர்களுக்குப் பயம் 17.

ராகு காலமும் கணக்குதான். பகலை எட்டாகப் பங்கிட்டு, கிழமைக்கு ஒரு பங்கு. ராகு என்பது கண்ணால் பார்க்கும் கோளே அல்ல. சந்திரனின் பாதை சூரியனின் பாதையை வெட்டும் புள்ளி. திங்கட்கிழமை ராகு காலம் காலை 7.30 முதல் 9 வரை. எங்கள் தோட்டத்தில் அந்த நேரத்தில்தான் அம்மா இடுப்பில் படங்குத் துணியைக் கட்டி, கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு கொழுந்து மலையில் நிற்பார். ராகு என்று சொல்லி யாரும் மலைக்குப் போகாமல் இருந்ததில்லை. போகாவிட்டால் பேர் விழாதே, அதாவது அன்றைய நாள் சம்பளக் கணக்கில் ஏறாதே. அட்டை கடித்தது, வழுக்கி விழுந்தது எல்லாக் கிழமையிலும் நடந்தது. செவ்வாயில் நடந்ததை மட்டும் ஊர் ஞாபகம் வைத்துக்கொள்ளும்.

அம்மாயியோடு வாதாட வேண்டாம். திங்கள் சாயங்காலமே அவர் கையால் பாலைப் பொங்க வைத்துவிட்டு, சாமான்களைச் செவ்வாயன்று லொறியில் ஏற்றுங்கள். மழை வருமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.