பயோடேட்டாவை ஏற்றியதும் பணம் கேட்கிறார்களா?

கேள்வி: என் மகள் பி.காம். முடித்திருக்கிறாள். வேலைவாய்ப்பு இணையதளம் ஒன்றில் பயோடேட்டாவை ஏற்றி மூன்று நாள்கூட ஆகவில்லை, 'வங்கி வேலைக்கு ஷார்ட்லிஸ்ட் ஆகிவிட்டீர்கள்' என்று ஒரு பெண் போன் செய்தார். மகளின் கல்லூரிப் பெயர், மார்க் எல்லாம் சரியாகச் சொன்னார். ஆஃபர் லெட்டரும் மெயிலில் வந்துவிட்டது. பதிவுக் கட்டணம் 1,850 ரூபாய், முதல் சம்பளத்தோடு திருப்பித் தருவார்களாம். இன்று மாலைக்குள் கட்டச் சொல்கிறார்கள். கட்டலாமா? (விருதுநகர் வாசகி)

பதில்: கட்டாதீர்கள் அம்மா. மாலைக்குள் என்றாலும் சரி, நாளைக்குள் என்றாலும் சரி.

கல்லூரிப் பெயரும் மார்க்கும் அவர்களுக்கு எப்படித் தெரிந்தது என்பதுதான் உங்களை நம்ப வைத்திருக்கிறது. இந்த இணையதளங்களுக்கு வருமானம் வரும் வழி தெரிந்தால் அது புரிந்துவிடும். 1997இல் தொடங்கிய நௌக்ரி முதல் இன்று உள்ள பெரும்பாலான தளங்கள் வரை, வேலை தேடுபவரிடம் பதிவுக்குப் பணம் வாங்குவதில்லை. ஆள் தேடும் நிறுவனங்களும் கன்சல்டன்சிகளும் பணம் கட்டி ஒரு லாகின் வாங்கிக்கொண்டு, அங்கே குவிந்திருக்கும் பயோடேட்டாக்களில் தேடுகிறார்கள். 'பி.காம்., விருதுநகர், ஃப்ரெஷர்' என்று தட்டினால் உங்கள் மகளும் அந்தப் பட்டியலில் வருவாள். அப்படி ஒரு லாகின் தவறான கைக்குப் போனால் போதும், கல்லூரி, மார்க், போன் நம்பர் எல்லாம் அவர்கள் திரையில் இருக்கும்.

நீங்கள் அனுப்பிய ஆஃபர் லெட்டரைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வங்கியின் லோகோ ஓரங்களில் மங்கலாக இருக்கிறது. எங்கிருந்தோ வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். மகளின் பெயர் மட்டும் வேறு எழுத்துருவில் இருக்கிறது. முதல் பக்கத்தில் மாதச் சம்பளம் 21,500, இரண்டாம் பக்கத்தில் 24,000. சேர வேண்டிய தேதி ஞாயிற்றுக்கிழமை. அனுப்பியது வங்கியின் மெயில் முகவரியிலிருந்து இல்லை, யார் வேண்டுமானாலும் திறக்கக்கூடிய ஜிமெயிலிலிருந்து. பணம் போக வேண்டியதோ ஒரு தனிமனிதரின் யுபிஐக்கு!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பொதுத்துறை வங்கிகளின் கிளார்க், அதிகாரி வேலைகளுக்குப் பெரும்பாலும், வங்கிகளுக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் ஐபிபிஎஸ் அமைப்பின் தேர்வு எழுதித்தான் போக முடியும். ஸ்டேட் வங்கி தனியாகத் தேர்வு நடத்துகிறது. போனில் கூப்பிட்டு யாரும் சேர்க்க மாட்டார்கள். அந்தத் தேர்வுகளுக்குக் கட்டணம் உண்டே என்று நீங்கள் கேட்கலாம். உண்டுதான். ஆனால் அதை விண்ணப்பம் போடும்போதே அவர்களின் சொந்த இணையதளத்தில் கட்டுகிறோம். தேர்வான பிறகு போனில் கேட்டு வாங்கும் கட்டணம் அங்கே கிடையாது. தனியார் நிறுவனங்களும் அப்படித்தான். டிசிஎஸ், இன்ஃபோசிஸ் போன்றவை வேலைக்காக யாரிடமும் பணம் வாங்குவதில்லை என்று தங்கள் இணையதளத்திலேயே எச்சரித்திருக்கின்றன.

ஒருவேளை இதைப் படிப்பதற்குள் பணம் அனுப்பியிருந்தால், உடனே 1930க்கு போன் செய்யுங்கள். அது சைபர் குற்றங்களுக்கான தேசிய உதவி எண். பணம் எதிராளியின் கணக்கைவிட்டு நகர்வதற்குள் தடுத்து நிறுத்தப் பார்ப்பார்கள். அதனால் ஒரு மணி நேரம்கூட முக்கியம். பணம் போனதற்கான பரிவர்த்தனை எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள்.

கேள்வி: நான் பதிந்திருக்கும் தளத்திலிருந்தே 'ரெஸ்யூமை எழுதித் தருகிறோம், பட்டியலில் மேலே காட்டுகிறோம்' என்று 3,500 ரூபாய் பேக்கேஜ் சொல்கிறார்கள். இதுவும் ஏமாற்றா? (கோவை வாசகர்)

பதில்: இல்லை, தளத்தின் உள்ளே போய் வாங்கினால் அது உண்மையான சேவைதான். ஆனால் நீங்கள் வாங்குவது வேலையை அல்ல. விதிமுறைகளைப் படித்தால், வேலைக்கோ இன்டர்வியூவுக்கோ உத்தரவாதம் இல்லை என்று அதிலேயே எழுதியிருப்பார்கள். போனில் பேசும் விற்பனையாளர் 'கண்டிப்பாக நாலு இன்டர்வியூ வரும்' என்றால், 'அதை மெயிலில் எழுதி அனுப்புங்கள்' என்று கேளுங்கள். பெரும்பாலும் அதோடு பேச்சு நின்றுவிடும்.

என் அபிப்பிராயத்தில் அந்த 3,500 தேவையில்லை. ஆள் தேடுபவர்கள் சமீப நாட்களில் தளத்துக்குள் வந்துபோனவர்களை மட்டும் வடிகட்டிப் பார்ப்பது வழக்கம். வாரம் ஒருமுறை உள்ளே போய் ஒரு வரியைத் திருத்திச் சேமித்தாலே அந்த வடிகட்டியில் தங்கிவிடுவீர்கள். அப்புறம், ரெஸ்யூமை, பக்கத்தை இடம், வலம் என்று இரண்டாகப் பிரிக்காமல், கட்டங்கள், படங்கள் இல்லாமல் வையுங்கள். பல நிறுவனங்களில் அதை முதலில் வாசிப்பது மென்பொருள். பக்கத்தை இரண்டாகப் பிரித்து அழகு செய்தால் அது வரிகளைக் குழப்பிவிடும்.

ஏற்கெனவே பணம் கட்டி, சொன்ன சேவையைத் தரவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். அதிலும் தீரவில்லையா, மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். நிறுவனம் நொய்டாவில் இருந்தாலும் சரி. கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

கேள்வி: கைக்குழந்தை இருப்பதால் வீட்டிலிருந்து செய்யும் டேட்டா என்ட்ரி வேலைக்குப் பதிந்தேன். ஆதார், பான், போட்டோ, கையெழுத்து வாங்கி ஒப்பந்தம் போட்டார்கள். 5 நாளில் 500 படிவம் டைப் செய்யணும். ராத்திரி கண்விழித்து முடித்தேன். 'தப்பு அதிகம், ஒப்பந்தத்தை மீறிவிட்டீர்கள்' என்று 5,900 ரூபாய் கேட்கிறார்கள். கட்டாவிட்டால் கோர்ட், போலீஸ் என்று வக்கீல் நோட்டீஸ் வாட்ஸ்அப்பில் வந்திருக்கிறது. வீட்டுக்காரரிடம் சொல்லவே பயமாக இருக்கிறது. (திருப்பூர் வாசகி)

பதில்: முதலில் வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள், இன்றைக்கே. நீங்கள் எந்தத் தப்பும் செய்யவில்லை. இந்தப் பொறி, நீங்கள் பயந்து தனியாக இருந்தால்தான் வேலை செய்யும்.

அந்த 500 படிவங்களையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். எழுத்துகளாகத் தந்தார்களா, மங்கலான படங்களாகத் தந்தார்களா? பூஜ்யமா ஆங்கில ஓ எழுத்தா என்று தெரியாத நம்பர்கள், புள்ளிக்குப் பின் ஒரு இடைவெளியா இரண்டா என்று கண்டுபிடிக்க முடியாத முகவரிகள். 90 சதவீதம் சரியாக இருக்க வேண்டும் என்று நிபந்தனை. எது சரி என்று தீர்மானிப்பதும் அவர்களே. யார் டைப் செய்தாலும் தோற்கும்படிதான் அந்த வேலையை வடிவமைத்திருக்கிறார்கள். உங்கள் உழைப்பு அவர்களுக்குத் தேவையே இல்லை. தேவை அந்த 5,900 மட்டும். அதைக் கட்டினால் அடுத்து 'வழக்கு முடிக்கும் கட்டணம்' என்று இன்னொரு தொகை வரும். ராத்திரி பிள்ளையைத் தூங்க வைத்துவிட்டு உட்கார்ந்து டைப் செய்தவரிடம் இப்படிச் செய்கிறார்களே என்று எனக்கு ஆத்திரமாக வருகிறது.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? ஏமாற்றிக் கையெழுத்து வாங்கிய ஒப்பந்தத்தை, ஏமாந்தவர் ரத்து செய்ய இந்திய ஒப்பந்தச் சட்டம் இடம் தருகிறது. ஒப்பந்தத்தில் அபராதம் என்று ஒரு தொகையை எழுதிவிட்டால் மட்டும் அது அப்படியே கிடைத்துவிடாது. நியாயமான இழப்பீடு எவ்வளவு என்பதை நீதிமன்றம்தான் பார்க்கும். ஒப்பந்தப்படி வேலை முடிக்காதது சிவில் விவகாரம். அதற்குப் போலீஸ் வந்து கைது செய்யாது. வக்கீல் நோட்டீஸ் என்பதும் கோர்ட் உத்தரவு கிடையாது, யார் வேண்டுமானாலும் அனுப்பக்கூடிய கடிதம்.

'கோர்ட் சம்மன்' என்றே ஏதாவது வந்தால் அதில் சிஎன்ஆர் எண் இருக்கிறதா பாருங்கள். ஒவ்வொரு வழக்குக்கும் 16 இலக்கத்தில் அப்படி ஓர் எண் உண்டு. நீதிமன்றங்களின் இ-கோர்ட்ஸ் தளத்தில் அதைப் போட்டால் வழக்கு உண்மையா என்று தெரிந்துவிடும். எண்ணே இல்லையென்றாலோ, போட்டும் வழக்கு வரவில்லையென்றாலோ, அந்தச் சம்மனை நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

வாட்ஸ்அப் உரையாடல், ஒப்பந்தம், நோட்டீஸ் எதையும் அழித்துவிடாதீர்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு தேசிய சைபர் குற்றத் தளத்திலோ உங்கள் மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்திலோ புகார் கொடுங்கள். அதற்கப்புறம் அந்த நம்பர்களைப் பிளாக் செய்யலாம். ஆதாரும் பானும் அவர்களிடம் இருப்பதால் இன்னொரு வேலையும் இருக்கிறது. உங்கள் பெயரில் யாராவது கடன் வாங்கியிருக்கிறார்களா என்று, உங்கள் கடன் விவரங்களைக் காட்டும் சிபில் அறிக்கையில் பாருங்கள். வருடத்துக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. தெரியாத கடன் ஏதாவது இருந்தால் அதையும் புகாரில் சேர்த்துவிடுங்கள்.

கேள்வி: ரெஸ்யூமில் என்னென்ன போடக் கூடாது? இப்போது வேலை செய்யும் கம்பெனிக்குத் தெரியாமல் தேட முடியுமா? (ஓசூர் வாசகர்)

பதில்: அப்பா பெயர், பிறந்த தேதி, முழு முகவரி, மதம், கீழே 'மேற்கண்டவை உண்மை' என்று கையெழுத்து. நம் ஊர் டிடிபி கடைகளில் இந்தப் பழைய மாதிரியைத்தான் இன்னமும் அடித்துத் தருகிறார்கள். ஒரு முதலாளி கையில் நேரில் கொடுத்த காலத்தில் அதனால் ஆபத்து இல்லை. இணையத்தில் ஏற்றும்போது இவற்றில் எதுவும் வேண்டாம். பெயர், ஊர், போன், மெயில் போதும். வேலை தேடுவதற்கென்றே தனி மெயில் ஒன்று வைத்துக்கொள்வது இன்னும் நல்லது. வேலை உறுதியாகி ஆதார் கேட்டால், கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மாஸ்க்டு ஆதாரை இறக்கிக் கொடுத்து, அது போதுமா என்று கேளுங்கள்.

கம்பெனிக்குத் தெரியாமல் தேட, நௌக்ரியில் குறிப்பிட்ட நிறுவனங்கள் உங்கள் பக்கத்தைப் பார்க்காதபடி தடுக்கும் வசதி இருக்கிறது. லிங்க்ட்இன்னில், வேலை தேடுவதை ஆள் எடுப்பவர்களுக்கு மட்டும் காட்டலாம். போட்டோவைச் சுற்றி வரும் பச்சை வளையத்தைப் போட்டால் எல்லோருக்கும் தெரிந்துவிடும். உங்கள் கம்பெனிக்கு ஆள் எடுத்துத் தரும் கன்சல்டன்சியை இந்தத் தடுப்புகள் நிறுத்தாது என்பதையும் மனதில் வையுங்கள்.

கேள்வி: தாய்லாந்தில் 'டிஜிட்டல் மார்க்கெட்டிங்' வேலை, 80 ஆயிரம் சம்பளம், டிக்கெட் இலவசம் என்று டெலிகிராமில் வந்தது. டூரிஸ்ட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாமாம். போகலாமா தம்பி? (ராமநாதபுரம் வாசகர்)

பதில்: போகாதீர்கள் அண்ணா. இதே சொற்களைச் சொல்லி அழைத்துப் போய்த்தான் 2022இல் நம் பிள்ளைகளை மியான்மரின் மியாவாடியில் அடைத்து வைத்து, ஆன்லைன் மோசடி செய்ய வைத்தார்கள். மறுத்தவர்களை அடித்தார்கள். வெளியுறவு அமைச்சகம் அப்போதே எச்சரிக்கை வெளியிட்டது. டூரிஸ்ட் விசாவில் வேலை என்று யார் சொன்னாலும் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள். ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்பதை மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். பதிவு பெற்றவரும் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும் தவிர வாங்கக் கூடாது. அதற்கு ரசீது தர வேண்டும்.

கேள்வி: பணமே கேட்காத, நம்பிப் பதியக்கூடிய தளம் எது? (தேனி வாசகி)

பதில்: தமிழ்நாடு அரசின் தனியார் துறை வேலை இணையம், மத்திய அரசு 2015இல் தொடங்கிய நேஷனல் கேரியர் சர்வீஸ், இரண்டிலும் பதிவு இலவசம். முகவரி 'டாட் ஜிஓவி டாட் இன்' என்று முடிகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், போலிகளும் உண்டு. பல மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களில் வெள்ளிக்கிழமைகளில் சிறிய தனியார் வேலை முகாம் நடக்கிறது. நிறுவனத்து ஆளை எதிரே உட்காரவைத்துப் பேசலாம் என்பதால் எனக்கு அது பிடிக்கும். நான்கைந்து ரெஸ்யூம் நகலும் அசல் சான்றிதழ்களும் எடுத்துப் போங்கள். அசலைக் காட்டலாம், யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள். போகிறபோது உங்கள் வேலைவாய்ப்புப் பதிவு காலாவதி ஆகாமல் இருக்கிறதா என்றும் கேட்டு வந்துவிடுங்கள். மூன்று வருடத்துக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்க வேண்டும்.